செல்லுக்கும் நங்கூரம் உண்டு

இராயபுரத்தை அடுத்த காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளைப் பார்த்திருப்பீர்கள். நங்கூரம் சேற்றில் இறங்கினால் படகு நிற்கும். வழவழப்பான பாறையில் விழுந்தால் வழுக்கிவிடும். நம் உடற்செல்கள் பலவற்றின் நிலையும் இதுவே.

இரத்தச் செல்கள் மிதந்து வாழ்பவை. தோல், கல்லீரல் முதலியவற்றின் செல்களோ எதையேனும் பற்றிக்கொண்டால்தான் பிழைக்கும். உடலில் அவற்றுக்குப் பற்றுக்கோடாக இருப்பது கொலாஜன் போன்ற புரதங்களாலான வலை. செல்லின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்னும் மூலக்கூறுகளே அதைப் பிடிக்கும் நங்கூரங்கள்.

ஆய்வுக்கூடத்தில் செல்களை வளர்க்கும் தட்டு பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. வெறும் பிளாஸ்டிக்கில் நங்கூரம் பிடிக்காது. ஆகவே தட்டுக்குப் புரதப் பூச்சு இடுகிறார்கள். எலி வாலிலிருந்து எடுத்த கொலாஜனை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கரைத்துத் தட்டில் ஊற்றுவர். சுமார் ஒரு மணி நேரத்தில் புரதம் பிளாஸ்டிக்கில் படிந்துவிடும். பிறகு கரைசலை அகற்றி, அமிலம் செல்களைக் கொன்றுவிடாதபடி உப்புக் கரைசலால் கழுவுவர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 5 மைக்ரோகிராம் போதும். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு கிராம் கொலாஜன் 20 சதுர மீட்டருக்கு வரும்!

எலி வால் கொலாஜன் மீது செல்கள் வளர்வதை 1956-இல் எர்மன், கை என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். கொலாஜனின் வடிவத்தைக் கண்டறிந்ததில் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் அதன் முப்புரி அமைப்பை வெளியிட்டு, 1955-இல் செம்மைப்படுத்தினர். மூன்று புரிகள் முறுகிய கயிறு போன்றது அது.

காசிமேட்டில் கழித்துப் போடும் மீன் செதிலிலும் தோலிலும்கூடக் கொலாஜன் உண்டு. அதை அப்படியே பயன்படுத்தலாமா? ஒரு தடை இருக்கிறது. மனிதச் செல்கள் 37 டிகிரி செல்சியஸில் வளர்கின்றன. மீன்களின் உடலோ பொதுவாக அவை வாழும் நீரின் வெப்பநிலையிலேயே இருக்கும். எனவே பெரும்பாலான மீன்களின் கொலாஜன் 37 டிகிரியை எட்டும் முன்பே புரி பிரிந்து ஜெலட்டினாக மாறிவிடுகிறது. வெந்நீர்க் கடல் மீன்களின் கொலாஜன், குளிர்க்கடல் மீன்களுடையதைவிடச் சற்றுக் கூடுதலாக வெப்பம் தாங்கும்.

தீக்காயம் பட்டவரின் தோலில் சிறு துண்டெடுத்து, அதன் செல்களைப் பெருக்கி, அவருக்கே ஒட்டும் மருத்துவம் இன்று உண்டு. அங்கும் முதல் தேவை செல்லுக்கு ஒரு பிடிமானம்.

சிந்திக்க: முதல் நாள் மீன் குழம்பு குளிர்ந்ததும் கூழ்போல் உறைவது ஏன்? விடை இக்கட்டுரையிலேயே இருக்கிறது.