நொச்சி வேது: இலையும் செங்கல்லும் கொண்டு ஆவி பிடிக்கும் முறை

சுட்ட கல்லும் நீரும் சேரும்போது எழும் ஆவியால் உடலை வியர்க்கச் செய்யும் மரபுகளுள், 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற பின்லாந்தின் சவுனா உலகறிந்ததாகும். ஏறத்தாழ 55 லட்சம் பேர் வாழும் அந்நாட்டில் சுமார் 30 லட்சம் சவுனா அறைகள் உள்ளன. அவ்வறையிலுள்ள ‘கியுவாஸ்’ என்னும் கல்லடுப்பின்மீது அகப்பை அகப்பையாக நீர் வார்த்து, ‘லோய்லு’ எனப்படும் ஆவியை எழுப்புவர். ஒரத்தநாடு உள்ளிட்ட காவிரி டெல்டாவில் இதற்கு மிக நெருங்கிய வழக்கம் வேது பிடித்தல் ஆகும். மூலிகை கொதித்த நீரின் ஆவியை உடலில் படச்செய்யும் இம்முறை, சித்த மருத்துவம் வகுத்துள்ள 32 புற மருத்துவ முறைகளுள் ஒன்று. சவுனாவில் கல்லின்மேல் நீர் வார்க்கப்படுகிறது. வேதுவிலோ நீருக்குள் சுட்ட செங்கல் இடப்படுகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்று வயலில் குனிந்து நின்று உழைப்போருக்கு உண்டாகும் நீர்க்கோவை, தலைபாரம், உடல்வலி ஆகியவற்றுக்கு வேது இதமளிக்கும்.

தேவையானவை: இரண்டு கைப்பிடி நொச்சி இலை, ஒரு கைப்பிடி வேப்பிலை, சிறிது மஞ்சள் தூள், அகன்ற பித்தளை அல்லது எவர்சில்வர் பாத்திரம், பிரிமணை, நீண்ட இடுக்கி, நன்கு வெந்து உலர்ந்த செங்கல் துண்டுகள், கனமான பருத்திப் போர்வை.

1. இலை சேர்த்தல். வாய்க்கால் கரையிலும் கொல்லை வேலியிலும் வளரும் நொச்சியை, பூச்சிமருந்து படாத இடமாகப் பார்த்துப் பறித்துக் கழுவ வேண்டும்.

2. செங்கல் சுடுதல். உள்ளங்கையளவு துண்டுகளை விறகடுப்பில் இட்டுப் பழுக்கச் சுட வேண்டும். ஈரம் ஊறிய செங்கல்லும் ஆற்றுக் கூழாங்கல்லும் சூட்டில் வெடித்துச் சிதறக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

3. நீர் காய்ச்சுதல். செங்கல் இடும்போது நீர் பொங்கி வழியாதிருக்கப் பாத்திரத்தின் பாதியளவே நீர் ஊற்றி, இலையும் மஞ்சளும் சேர்த்து, மூடியிட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும்.

4. அமர்தல். காற்று வீசாத அறையில், கதவைத் தாழிடாமல், பாத்திரம் சாயாதபடி அதனைப் பிரிமணைமீது வைக்க வேண்டும். வேது பிடிப்பவர் ஒரு முழம் தள்ளி, தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து, கண்களை மூடிக்கொண்டு, தலையும் உடலும் பாத்திரமும் அடங்கும்படி போர்வையைப் போர்த்திக்கொள்ள வேண்டும்.

5. ஆவி எழுப்புதல். முழு முறையின் பயனும் பாதுகாப்பும் அடங்கிய கட்டம் இதுவே. முதலில் மூடியைச் சிறிதளவே திறக்க வேண்டும். ஆவி தணிந்ததும், போர்த்தியிருப்பவர் சற்று விலகிக்கொள்ள, அருகிலிருப்பவர் போர்வையின் ஓரத்தை உயர்த்தி, இடுக்கியால் ஒரு துண்டை மட்டும் மெதுவாக நீருக்குள் இறக்க வேண்டும். அடுத்த துண்டு எப்போது வேண்டும் என்பதை உள்ளே இருப்பவரே சொல்ல வேண்டும். ஏனெனில் அவருடைய உடல் தாங்கும் சூட்டை வெளியிலிருப்பவர் அறிய இயலாது. மூச்சு எளிதாக வந்து போவதே சரியான சூட்டின் அடையாளம். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும்.

6. ஆறுதல். சவுனாவிலிருந்து வெளிவந்து ஏரியில் மூழ்குவது பின்லாந்து வழக்கமாயினும், வேதுவுக்குப் பின் உடனே குளிர்ந்த நீரில் குளிக்காமல், வியர்வையை உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து, காற்றுப் படாமல் அரைமணி நேரம் ஓய்ந்திருப்பதே தமிழ் மரபு. வியர்வையில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்ய, உப்பிட்ட வெதுவெதுப்பான கஞ்சியோ மிளகு ரசமோ அருந்தலாம்.

எச்சரிக்கை. சிறு குழந்தைகள், கருவுற்றோர், இதய நோயர், ஆஸ்துமா உடையோர், கடுங்காய்ச்சல் கண்டோர் வேது பிடித்தல் கூடாது. பேறுகாலத்திற்குப் பின் பிடிக்க விரும்புவோர் மருத்துவரைக் கேட்டே பிடிக்க வேண்டும். தலைசுற்றலோ படபடப்போ தோன்றினால் அக்கணமே போர்வையை நீக்கிவிட வேண்டும். வேது நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்தன்று. கொரோனா பரவிய 2021 மே மாதத்தில், பொது இடங்களில் கூடி ஆவி பிடிப்பதைத் தவிர்க்குமாறு தமிழ்நாட்டின் நல்வாழ்வுத் துறை அமைச்சர் கேட்டுக்கொண்டார். ஆகவே தொற்று ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாதிருக்க, ஒருவருக்கு ஒரு போர்வை, ஒவ்வொரு முறையும் புதுநீர் என்பதே நெறியாக வேண்டும்.

வழிப்போக்கரின் பசியும் பிணியும் தீர்க்க இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய முத்தம்பாள் சத்திரம் நிற்கும் ஒரத்தநாட்டில், பிறர் உடல்நலம் பேணும் மரபு பழையது. இடுக்கியுடன் ஒருவர் அருகிலிருந்து, உள்ளிருப்பவர் கேட்கும் அளவுக்கே சூடு கூட்டும் வரையில், வேது அம்மரபின் தகுதியான தொடர்ச்சியாகவே விளங்கும்.