குவளையில் பொறிக்க வேண்டிய எழுத்து

சிரஞ்சீவி மருமகனுக்கு,

ஓசூர் சிப்காட்டில் நீ சேர்ந்திருக்கும் பட்டறைக்கு, தலையும் கையும் வசப்படாத குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் குவளைகளின் ஆர்டர் வந்திருப்பதாகவும், அவற்றில் என்ன எழுத்துப் பொறிப்பது என்று கேட்டும் நீ எழுதிய கடிதம் கிடைத்தது. முப்பது வருஷம் மோட்டார் உதிரிப்பாகங்களுக்கே அச்சு வெட்டிய எனக்கு இவ்விஷயத்தில் சிரத்தை உண்டானது, கிருஷ்ணகிரியில் எங்கள் எதிர்வீட்டுப் பையனால்.

அவனுக்கு வயது 12, மூளை முடக்குவாதம். வாயில் எது பட்டாலும் தாடை தன்வசமின்றி இறுகிவிடும். ஒரு நாள், பளிங்குபோல் மினுக்கும் பாலிஸ்டைரீன் டம்ளரின் விளிம்பை அவன் கடிக்க, அது பிறைவடிவில் தெறித்தது. அவன் தாய் விரலை விட்டுச் சில்லை எடுத்ததைக் கண்ணால் கண்டேன். அடியில் ஒட்டியிருந்த சீட்டு, பாத்திரம் துலக்கித் துலக்கி எப்போதோ போய்விட்டிருந்தது.

ஆகவே ஒட்டுச் சீட்டு வேண்டாம். எழுத்தை அச்சிலேயே வெட்டு. உதடு படும் விளிம்புக்கு அருகில் மட்டும் வெட்டாதே, அழுக்குத் தங்கும்.

பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாதுகாப்புச் சான்று என்று பலரும் நம்புகிறார்கள். அது 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழிலதிபர் சங்கம் கழிவைத் தரம் பிரிப்பதற்கென்று ஏற்படுத்திய குறி, அவ்வளவே. 5 என்றால் பாலிபுரொப்பிலீன். கடித்தால் பல் பதியுமேயன்றி எளிதில் சிதறாது. 6 என்றால் அந்தப் பாலிஸ்டைரீன். 7 என்றால் 'மற்றவை'. பாலிகார்பனேட் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. வெந்நீர் பட்டால் பிஸ்பினால்-ஏ கசியும் அந்தப் பாலிகார்பனேட்டை, 2012-இல் அமெரிக்கா பாற்புட்டியிலும் உறிஞ்சுகுவளையிலும் விலக்கியது, நம் ஐ.எஸ். 14625 தரநிலை 2015-இல் பாற்புட்டிக்கு விலக்கியது. பாற்புட்டியைக் குழந்தை சீக்கிரம் விட்டுவிடும். எதிர்வீட்டுப் பையனோ குவளையை வாழ்நாளெல்லாம் கடித்துக்கொண்டிருப்பான். ஆதலால் பாற்புட்டிக்குரிய கண்டிப்பையே இதற்கும் கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 5 என்று பொறித்துவிட்டு, வேறு பிளாஸ்டிக்கை அரைத்த பழைய குருணையைக் கலந்தால் அந்த எழுத்தே பொய்யாகும். முதலாளி சொன்னாலும் சம்மதிக்காதே.

இந்தக் குவளைகளில் ஒரு பக்கம் விளிம்பைக் குழிவாக வெட்டியிருப்பது மூக்குக்கு இடம் விடுவதற்காக. அண்ணாந்து குடித்தால் இக்குழந்தைகளுக்கு நீர் மூச்சுக்குழலில் இறங்கும் அபாயம் உண்டு; தலை நிமிராமலே குடிக்கத்தான் அந்த வெட்டு. இது தெரியாமல் வெட்டுப் பக்கத்தையே வாயில் வைத்துவிடுகிறார்கள். நம் பாட்டிமார் பால் புகட்டிய பாலாடைக்கு விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதன் மூக்கைக் கண்டாலே வழி தெரியும். இந்தப் புது உருவத்துக்கு விளக்கம் அவசியம்: வெட்டுக்குக் கீழே, விரலால் தடவினாலும் தெரியும்படி, மூக்கும் முகமுமாக ஒரு சித்திரம் புடைத்திருக்கட்டும்.

'கீறல் விழுந்தால் மாற்றவும்', 'கொதிக்கும் பானம் ஊற்றாதீர்' என்னும் இரு வாக்கியங்களை ஆங்கிலத்தோடு விட்டுவிடாதே. ஓசூரில் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கின்றன. அத்திப்பள்ளியைத் தாண்டினால் கன்னடம். மூன்று பாஷைக்கும் அடிப்பாகத்தில் இடமுண்டு. உன் கம்பெனிப் பெயரைச் சற்றுச் சிறிதாக்கினால் போதும்.

அச்சைக் கடினப்படுத்துமுன் மாதிரிக் குவளை ஒன்றை எனக்கு அனுப்பு. எதிர்வீட்டு அம்மாளிடம் கொடுத்து, அவளால் படிக்க முடிந்ததா என்று கேட்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மாமா