பின்னத்துக்குள் போன கர்சர் வெளியே வர வேண்டும்

கணிதச் சூத்திரத் தொகுப்பி ஒன்றை உருவாக்குபவர்கள், பின்னக்கோடும் வர்க்கமூலக் குறியும் திரையில் அழகாக விழுவதற்கே பல மாதம் உழைக்கிறார்கள். அம்பு விசைகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்த வரிசையை மாற்றுங்கள். நாள் முழுக்கத் தட்டச்சு செய்யும் ஆசிரியருக்குக் கோட்டின் அழகைவிட, அடுத்த எழுத்து எங்கே விழும் என்ற உறுதிதான் முக்கியம்.

முதலில் ஒரு விதியை வகுத்துக்கொள்ளுங்கள்: வலது அம்பை ஒருமுறை, உடனே இடது அம்பை ஒருமுறை அழுத்தினால் கர்சர் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். கேட்க எளிது, ஆனால் பின்னம் வந்ததும் உடைந்துவிடும். மேலே 3+5, கீழே 8 உள்ள ஒரு பின்னத்தை எடுத்துக்கொள்வோம். தொகுதியில் நான்கு இடம், பகுதியில் இரண்டு, வெளியே இருபுறமும் ஒவ்வொன்று. கர்சர் நிற்கக்கூடிய இடங்கள் மொத்தம் 8. வலது அம்பு தொகுதியை முடித்துப் பகுதிக்குள் இறங்கி, பிறகு வெளியேறினால் 7 அழுத்தலில் எல்லா இடத்தையும் தொட்டுவிடும். திரும்பும் வழியும் அதுவே. பகுதியைத் தாண்டி நேரே வெளியேறினால் 5 அழுத்தல் போதும். ஆனால் கீழ் அம்பால் பகுதிக்குள் இறங்கி, அங்கிருந்து வலப்பக்கம் வெளியேறியவர் இடது அம்பை அழுத்தினால் தொகுதிக்குள் போய் நிற்பார். 'மேத்குவில்' என்ற திறமூல நூலகத்தில் இரண்டு வழியும் உண்டு. முதல் வழியே அதன் இயல்பிருப்பு. என் பரிந்துரையும் அதுதான். இரண்டு அழுத்தலை மிச்சப்படுத்துவதற்காக, கை பழகிய நம்பிக்கையை இழக்கக் கூடாது.

அவசரக்காரர்களுக்கு வேறு விசை கொடுங்கள். 'லிக்ஸ்' மென்பொருளில் இடைவெளி விசையைத் தட்டினால் கர்சர் இருக்கும் பெட்டியை, அதாவது தொகுதி, பகுதி போன்ற உள்ளிடத்தை, விட்டு வெளியே வந்துவிடும். நல்ல ஏற்பாடு. டேப் விசையை அடுத்த காலிப் பெட்டிக்குத் தாவ வைத்துக்கொள்ளலாம்.

மேல், கீழ் அம்புகள் கண்ணுக்கு நேராக நகர வேண்டும். தொகுதியின் நடுவிலிருந்து கீழே இறங்கினால் பகுதியின் நடுவில் நிற்க வேண்டும், தொடக்கத்தில் அல்ல. உடனே மேலே ஏறினால் பழைய இடம் கிடைக்க வேண்டும். அதற்கு அந்த இடத்தை நினைவில் வைத்திருங்கள்.

5² என்று எழுதிய பின் கர்சர் அடுக்குக்குள் நிற்கிறதா, வெளியே வந்துவிட்டதா? திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே புள்ளி. கூட்டல் குறி தவறான இடத்தில் விழுந்து கணக்கே மாறிப்போவது இங்கேதான். அடுக்குக்குள் கர்சரின் உயரத்தைக் குறையுங்கள். அது மட்டும் போதாது. கர்சர் இருக்கும் பெட்டிக்கு மெல்லிய பின்னணி நிறமும் கொடுங்கள். பார்வையற்ற மாணவருக்கு நிறம் உதவாது. திரைவாசிப்பான் 'தொகுதி முடிவு', 'பகுதி தொடக்கம்' என்று சொல்லியாக வேண்டும்.

பேக்ஸ்பேஸ் விசையில் கருணை வேண்டும். பின்னத்துக்கு வலப்புறம் நின்று அழுத்தினால் முழுப் பின்னமும் மறையக் கூடாது. முதல் அழுத்தலில் அது தேர்வாகட்டும், இரண்டாவதில் அழியட்டும். தொகுதியின் தொடக்கத்தில் அழுத்தினால் கோடு மட்டும் போய் எண்கள் மிஞ்சட்டும். ஷிப்டோடு அம்பை அழுத்தித் தேர்ந்தெடுக்கும்போது பின்னத்தின் எல்லையைத் தாண்டினால் முழுப் பின்னமும் தேர்வாக வேண்டும். பாதிப் பின்னத்தை வெட்டி ஒட்ட முடியாது.

இதையெல்லாம் கையால் சோதிக்க முடியாது. தாறுமாறான சூத்திரங்களை உருவாக்கும் சிறு நிரல் எழுதுங்கள். சூத்திரத்தின் இறுதியைத் தவிர எல்லா இடத்திலும் வலம், இடம் என்று அழுத்தி, கர்சர் திரும்புகிறதா என்று பார்க்கட்டும். பிறகு தொடக்கத்திலிருந்து வலது அம்பை மட்டும் அழுத்திக்கொண்டே போய், ஓர் இடம்கூட விடுபடாமல் இறுதியை அடைகிறதா என்று எண்ணட்டும். வர்க்கமூலத்துக்குள் பின்னம், அதற்குள் அடுக்கு, காலி அணி ஆகியவற்றைச் சோதனையில் கட்டாயம் சேருங்கள்.