ஊரடங்கில் தெளிந்த வானமும் நம்ம அடுப்படிப் புகையும்

காற்று மாசு பற்றிக் கூட்டத்தில் பேச ஆரம்பித்தாலே, "அது டவுன்காரங்க பிரச்சனைங்க, நம்ம ஊருக்கு பஸ்ஸே ரெண்டு தடவதான் வருது" என்று சிரிக்கிறீர்கள். அதனால் இந்த மாதப் பாடத்தை டவுனில் தொடங்கி, நம்ம அடுப்படிக்கு வருவோம்.

2020 மார்ச் 25ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். பஸ், லாரி, கம்பெனி, கட்டட வேலை எல்லாம் ஒரே நாளில் நின்றன. அந்தக் கஷ்டத்தை யாரும் மறக்க முடியாது. ஆனால் காற்றில் ஒரு மாற்றம் நடந்தது. டெல்லியில் காற்றில் கலந்திருந்த நுண்துகள் சில நாட்களிலேயே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பஞ்சாபில் ஜலந்தர் நகரத்து மக்கள், பல வருஷமாகக் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த இமாச்சலத்து தௌலாதார் பனிமலையை மொட்டை மாடியில் நின்றே பார்த்தார்கள். அப்புறம் வண்டியும் கம்பெனியும் ஓட ஆரம்பித்தன. பக்கத்து மாநிலங்களில் நெல் அறுத்த தாளைக் கொளுத்தினார்கள். குளிர்காலமும் சேர்ந்தது. அதே வருஷம் நவம்பரில் டெல்லிக் காற்று பழையபடி மூச்சு முட்டியது.

அதாவது, காற்று கெடுவது விதி கிடையாது. மனுஷங்க செய்யும் வேலை மாறினால் காற்றும் மாறும், அதுவும் சில நாளிலேயே.

நுண்துகள் என்றால் என்ன? புகையில் இருக்கிற மிகச் சிறிய தூள். பி.எம். 2.5 என்று சொல்கிறார்கள். நம் தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மண் தூசி என்றால் மூக்கிலேயே பாதி நின்றுவிடும், தும்மினால் வெளியே வந்துவிடும். இது நுரையீரலின் அடிவரை போய், ரத்தத்திலும் கலக்கிறது. ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் என்று இதை அளப்பார்கள். வருஷ சராசரி 40க்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2021ல், 5க்கு மேல் போகக் கூடாது என்று சொல்லிவிட்டது.

சரி, ஊரடங்கில் எது நிற்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். நம்ம அடுப்பு! எல்லாரும் வீட்டிலேயே இருந்ததால் டீயும் சோறும் கூடத்தான் வைத்தோம். கதவு, ஜன்னல் சரியாக இல்லாத சமையலறையில் ஈர விறகு எரியும் நேரத்தில் நுண்துகள் பல நூறைத் தொடும். டெல்லியின் மோசமான நாளில் டெல்லிக்காரர்கள் சுவாசிக்கும் காற்றை நாம் தினமும் ரெண்டு வேளை குனிந்து உட்கார்ந்து ஊதாங்குழல் வைத்து இழுக்கிறோம். பீடி, சிகரெட்டை ஒரு நாளும் தொடாத நம் அம்மாக்களுக்கு ஐம்பது வயதுக்கு மேல் வரும் இளைப்பு, மூச்சுத் திணறல் பலருக்கு இதனால்தான். கண்புரைக்கும் கைக்குழந்தைகளின் நிமோனியாவுக்கும் இந்தப் புகைக்கும் தொடர்பு உண்டு. வீட்டுப் புகையால் 2020ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

அடுப்பை மாற்றினால் எவ்வளவு குறையும்? இதை நம்ம தமிழ்நாட்டிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிப் பெண்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு 2018ல் தொடங்கியது. இந்தியாவில் அது நடந்த இடம் பழைய விழுப்புரம் மாவட்டமும் நாகப்பட்டினமும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் இங்கே நடத்தினார்கள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் பதினெட்டு மாதத்துக்கு சிலிண்டரும் இலவசம். மீதிப் பேர் வழக்கம்போல விறகில் சமைத்தார்கள். பெண்களின் உடம்பிலேயே சின்னக் கருவியை மாட்டி அளந்தார்கள். விறகில் சமைத்தவர்கள் சுவாசித்தது சுமார் 70. கேஸுக்கு மாறியவர்களுக்கு 24. மூன்றில் ஒரு பங்கு!

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2022ல் முடிவு வந்தபோது, இரண்டு தரப்புக் குழந்தைகளின் பிறப்பு எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. "அப்போ எதுக்குங்க மாத்தணும்?" என்று கேட்பீர்கள். கர்ப்பமாகிச் சில மாதம் கழித்துத்தான் அடுப்பு கொடுத்தார்கள். அதற்கு முன் வருஷக்கணக்கில் புகையில்தானே இருந்தார்கள்? 24 என்பதும் அந்த 5ஐப் போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. உங்க வீட்டு அடுப்பு கேஸாக இருந்தாலும் பக்கத்து வீட்டு வெந்நீர் அடுப்புப் புகை உங்க திண்ணைக்குத்தான் வருகிறது. ஜலந்தரில் மலை தெரிந்தது ஒருத்தர் வண்டியை நிறுத்தியதால் இல்லை, எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்தியதால். அதனால் இதை வீட்டு விஷயமாகப் பார்க்காமல் குழு விஷயமாக, தெரு விஷயமாகப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

நாங்கள் போகும் ஊர்களில் கேஸ் இல்லாத வீடு இப்போது குறைவு. 2016ல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தில் நிறையப் பேருக்கு இணைப்பு கிடைத்தது. ஆனால் டீக்கும் அவசரத்துக்கும் கேஸ், சோறு பொங்கவும் வெந்நீருக்கும் வேலிக்கருவை விறகு, இப்படித்தான் ஓடுகிறது. "சிலிண்டர் காசு கேட்டா வீட்டுக்காரர் முறைக்கிறார், விறகு சும்மாதானே கிடைக்குது" என்கிறார்கள். சும்மா கிடைக்கிற விறகுக்கு நடக்கிற நடையும் வெட்டுகிற கூலியும் பெண்ணுடையது என்பதால் கணக்கில் வருவதில்லை, அவ்வளவுதான்.

விறகையே நம்பி இருப்பவர்கள் உடனே செய்யக்கூடியதும் உண்டு. விறகை நன்றாகக் காயவைத்து எரியுங்கள், ஈர விறகுதான் அதிகம் புகையும். முடிந்தால் வாசலிலோ கொல்லையிலோ சமையுங்கள். அடுப்பு எரியும்போது கைக்குழந்தையை இடுப்பில் வைக்காதீர்கள். முக்கியமாக, அடுப்பைப் பற்ற வைக்க பாலிதீன் கவரைச் சொருகுவதை இன்றே விடுங்கள். பிளாஸ்டிக் புகையில் இருக்கும் விஷம் விறகுப் புகையைவிடப் பொல்லாதது. காய்ந்த தென்னம்பாளையும் தேங்காய் மட்டையும் இல்லாத ஊரா நம்ம ஊர்? போகியன்று பழைய டயரைக் கொளுத்துவதும் இதே கதைதான். 2018 போகியில் சென்னை விமான நிலையத்தில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தன.

இனி பண விஷயம். சிலிண்டர் 900 ரூபாய், இரண்டு மாதம் வரும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 115 ரூபாய். மொத்தமாகக் கேட்டால்தான் மலைப்பு. வாரச் சேமிப்போடு "கேஸ் சேமிப்பு" என்று தனியாக எடுத்து, தனிப் பக்கத்தில் எழுதி வரலாம். சிலிண்டர் தீர்ந்த அன்று அந்த உறுப்பினருக்குக் கொடுத்துவிடலாம், பற்றாக்குறைக்கு உள்கடன். அடுத்த கூட்டத்தில் ஊக்குநர்கள் இரண்டு கேள்வி கேட்டு தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: நம் குழுவில் எத்தனை வீட்டில் சோறு விறகில் வேகிறது? போன வருஷம் ஒவ்வொருவரும் எத்தனை சிலிண்டர் வாங்கினோம்? பதிலை மாதக் கடைசியில் கூட்டமைப்புக்குக் கொண்டு வந்தால், எந்தத் தெருவில் முதலில் ஆரம்பிக்கலாம் என்று சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வோம்.