கொழுந்தெடுப்பவளும் பெண்தானே

அன்புள்ள மகளுக்கு,

ரூசோவும் மேரி வுல்ஸ்டன்கிராப்டும் பெண்களைப் பற்றி எதிரெதிராக எழுதியதைப் படித்துவிட்டு, அந்த வெள்ளைக்காரர் வழக்கு நம் தேயிலைத் தோட்டத்துக்கு எதற்கு என்று கேட்டிருந்தாய். அந்த வழக்கு நம் மலையகத்து ஹட்டன் வரை வந்தது, மகளே.

1762இல் வெளியான 'எமில்' நூலில் ரூசோ ஆண்பிள்ளையைச் சுதந்திரமாக வளர்க்கச் சொன்னார். அவனுக்கு மனைவியாகப் போகும் சோஃபியையோ அவன் மனம் கோணாமல் நடக்கப் பழக்கச் சொன்னார். பகுத்தறிவு உள்ளவருக்கெல்லாம் உரிமை என்றால் பெண்ணை மட்டும் எப்படி விலக்குவது என்று 1790இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் கொந்தோர்சே கேட்டார். பெண்ணின் குறையாகத் தெரிவது பிறவிக் குணம் அல்ல, கல்வியை மறுத்ததால் வந்தது என்று 1792இல் வுல்ஸ்டன்கிராப்ட் ரூசோவின் பேரைச் சொல்லியே மறுத்தார்.

1927இன் கடைசியில், இலங்கையின் அரசியலமைப்பை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழு கொழும்பில் இறங்கியபோது இதே இரண்டு கட்சியும் இங்கே எழுந்தன. சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்றார். பெண்பிள்ளைகளுக்கென்று 1913இல் யாழ்ப்பாணத்தில் கல்லூரி கட்டியவர் அவர்! படிக்கட்டும், ஆனால் நாட்டு நிர்வாகத்தில் தலையிட வேண்டாம் என்ற அந்த மனநிலை ரூசோவிடமிருந்து வெகுதூரம் போய்விடவில்லை. எதிர்ப்பக்கம் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் அக்னஸ் டி சில்வா நின்றார். தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணைக்குழு கேட்டபோது, அவர்களும் பெண்கள்தானே என்று தயங்காமல் பதில் சொன்னார்.

எனக்கு அந்தப் பதில்தான் பெரிது. பெண்ணின் இடம் வீடு என்று எழுதியவர்களின் கண்ணில் வசதியான வீட்டு மனைவிதான் இருந்தாள். இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்டி, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுத்து மலை ஏறுகிறவள் அவர்கள் கணக்கிலேயே இல்லை. மாலையில் கொழுந்து நிறுக்கும்போது சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான், போடுவார்கள். வீட்டைத் தாண்டாதே என்று அவளிடம் எந்தத் தோட்டத் துரையும் சொன்னதில்லை. உரிமை கேட்கும்போது மட்டும்தான் அவளுக்கு எல்லை போட்டார்கள்.

அவளைத் தேடித் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கே போனவர் மீனாட்சி அம்மாள். கணவர் கோ. நடேசய்யரோடு சேர்ந்து பத்திரிகையிலும் தொழிற்சங்கத்திலும் உழைத்தவர். வெளியார் தோட்டத்துக்குள் நுழைந்தாலே அத்துமீறல் வழக்குப் போட்ட காலம் அது. கூட்டங்களில் அவர் முதலில் பாடுவார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் சேதி பாட்டாகப் போய்ச் சேர்ந்தது. பெண்ணுரிமையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதவும் செய்தார். மலையகப் பெண் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வாக்களிக்கப் பெண்ணுக்கு முப்பது வயது ஆகட்டும் என்று டொனமூர் ஆணைக்குழு சொன்னது. ஆனாலும் 1931இல் ஆண், பெண் இருபாலாருக்கும் இருபத்தொரு வயதிலேயே வாக்குரிமை கிடைத்தது. தோட்டத்தவருக்கு மட்டும் வதிவிட நிபந்தனைகளைப் போட்டார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் நம்மவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடமே வாக்கும் போனது. ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் தோட்டத்துப் பெண்ணுக்குக் கிடைத்ததே 1984இல்தான். தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டுவோரில் பாதிக்கு மேல் பெண்களாக இருந்தும், மேடையில் தலைவர் நாற்காலி பெரும்பாலும் ஆண்களுக்கே போகிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

2024 நவம்பர் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் போனார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் அங்கே தெரிவாகிப் போனது அதுவே முதல் தடவை. அவர்கள் சபையில் பேசுவதைத் தேடிக் கேள். சம்பளத்தையும் லயத்தையும் பற்றி என்ன கேட்கிறார்கள், அரசு என்ன பதில் சொல்கிறது என்று குறித்து வைத்து எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியம்மா