மேய்ப்பரின் வருகைக்கு நாம் ஆயத்தமாவது எப்படி?

பாடத்தின் நோக்கம்: திருச்சபைக் கண்காணிப்பாளர் ஒருவர் ஊர்களுக்கு எதற்காக வருகிறார் என்பதை அறிதல், இடம்பெயர்ந்த குடும்பங்கள் அந்த வருகையைப் பயனுள்ளதாக்கும் வழிகளைக் காணுதல்.

1. சொல்லின் பொருள்

ஆயர், பேராயர், அத்தியட்சர் என்று சபைக்குச் சபை பெயர் வேறுபடும். புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் 'எபிஸ்கோப்பொஸ்' என்பர். பொறுப்போடு பார்த்துக்கொள்பவர் என்பது பொருள். பழைய தமிழ் வேதாகமம் இதைக் 'கண்காணி' என்றது. தேயிலைத் தோட்டத்துக் கங்காணி என்ற பேரும் இதே சொல்தான். அவர் ஆட்களை எண்ணி வேலை வாங்கினார். சபையின் கண்காணியோ ஆட்களை அறிந்து காக்க வேண்டியவர்.

நமக்கு வட்டவிதானையாரைத் தெரியும். வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு வட்டையைப் பார்க்க முடியாது. வரம்பில் நடந்தால்தான் எங்கே வரம்பு உடைந்தது, யாருடைய வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை, எங்கே மாடு இறங்கியது என்பது தெரியும். கண்காணியின் பணியும் அப்படிப்பட்டதே.

2. வேதம் காட்டும் முன்மாதிரி

அப்போஸ்தலர் 20ஆம், 21ஆம் அதிகாரங்களை வாசிப்போம். துரோவாவில் வாரத்தின் முதல் நாளில் பவுல் சபையோடு அப்பம் பிட்டு, நடு இரவு வரை பேசுகிறார். மறுநாள் மற்றவர்கள் கப்பலில் போக, அவர் ஆசோவுக்குத் தரைவழியே போகிறார். மிலேத்துவில் எபேசு சபை மூப்பர்களை அழைத்து, தாம் வீடு வீடாகப் போய்க் கற்பித்ததையும், தம் கைகளால் உழைத்ததையும் நினைவூட்டுகிறார். தீருவில் பெண்களும் பிள்ளைகளும் கடற்கரை வரை வந்து, மணலில் முழங்காற்படியிட்டு அவரோடு ஜெபிக்கிறார்கள். ஜெபம், பயணம், வீட்டுச் சந்திப்பு ஆகிய மூன்றும் இங்கே ஒரே ஊழியமாக இருக்கின்றன.

3. நமது மண்ணில்

1814ஆம் ஆண்டு மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். இலங்கைக்கு வரும் கடற்பயணத்திலேயே மனைவியை இழந்தவர் அவர். ஓராண்டு நிறையுமுன், 1815இல், இங்கேயே மரித்தார். அந்தக் குறுகிய காலத்திலும் பிள்ளைகளுக்குப் பள்ளிகளைத் தொடங்கினார்.

அமெரிக்கரான இயேசுசபைக் குரு இயூஜின் ஹெபர்ட் 15.08.1990 அன்று வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். அவரும், கூடப் போன இளைஞரும் வழியில் காணாமற் போயினர். பாதை ஆபத்தானது என்று ஊரே அறிந்திருந்த காலம் அது. அப்படியிருந்தும் ஒருவர் மக்களிடம் போனார் என்பதை நாம் மறக்கலாகாது.

கத்தோலிக்க திருச்சபையில் 2012 வரை திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் ஒரே ஆயர்தான். அவ்வாண்டு மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாகி, யோசப் பொன்னையா ஆண்டகை அதன் முதல் ஆயரானார். ஆள்புலம் சுருங்கினால் மேய்ப்பர் ஊர்களுக்கு அடிக்கடி வர முடியும்.

4. இரண்டு நாட்களை எப்படி வகுக்கலாம்?

நாவற்குடா வாவிக்கும் கடலுக்கும் இடையே உள்ள ஊர். 2007இல் படுவான்கரை மக்கள் உயிர் தப்பி எழுவான்கரைக்கு வந்ததை இங்குள்ளவர்கள் அறிவார்கள். அன்று மண்முனைத் துறையைக் கடக்கப் 'பாதை'க்காகக் காத்திருக்க வேண்டும். 2014 முதல் அங்கே பாலம் இருக்கிறது. ஆகவே கண்காணிப்பாளர் சனிக்கிழமை காலை நாவற்குடாவில் ஜெபித்துப் புறப்பட்டு, படுவான்கரையில் வயல்களையும் வீடுகளையும் பார்க்கலாம். மாலையில் திரும்பி, இன்னும் சொந்தக் காணிக்குப் போக முடியாத குடும்பங்களைச் சந்திக்கலாம். ஞாயிறு ஆராதனையில் அவர் ஏறெடுக்கும் மன்றாட்டு அப்போது பெயர் சொல்லும் மன்றாட்டாக இருக்கும்.

5. நாம் செய்ய வேண்டியவை

மாலைக்கும் பந்தலுக்கும் செலவிடுவதைவிட, குடும்பத்துக்கு ஒரு தாள் எழுதி வைப்போம்:

(அ) காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் உண்டா? தொலைந்திருந்தால், பதிவு செய்த உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் கேட்கலாம். அனுமதிப்பத்திரத்துக்குப் பிரதேச செயலகத்தின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.
(ஆ) கமநல சேவை நிலைய இடாப்பில் பயிர் செய்பவரின் பெயர் இருக்கிறதா?
(இ) ஐப்பசி விதைப்புக்கு விதைநெல் இருக்கிறதா? இதைப் புரட்டாதிக்கு முன்பே சொல்ல வேண்டும்.
(ஈ) கிணறு, மாடு, பிள்ளைகளின் படிப்பு எப்படி?
(உ) குடும்பத்தில் காணாமற் போனவர் உண்டா?

கண்காணிப்பாளரால் காணி கொடுக்க முடியாது. ஆனால் கடிதம் எழுதலாம், அலுவலகத்துக்குக் கூட வரலாம், அடுத்த வருகையில் "என்ன ஆயிற்று?" என்று கேட்கலாம். வாக்குறுதியைவிட இந்தக் கேள்வி பெரிது. ஆகவே தாளின் பிரதி ஒன்றை நாமும் வைத்திருப்போம். நம் பெயரோடு, பேச முடியாத அயல்வீட்டு விதவையின் பெயரையும், மதம் பாராமல், சேர்த்துக்கொள்வோம்.

6. கலந்துரையாடுவோம்

– நம் ஊரில் யாருடைய வீட்டுக்கு இதுவரை எவரும் போகவில்லை?
– கடந்த வருகையில் சொன்னவற்றில் எவை நடந்தன? எவை நடக்கவில்லை?
– அடுத்த வருகைக்கு முன் நாமே போய்ப் பார்க்க வேண்டிய இரண்டு வீடுகள் எவை?