சைலன்சர் கரியை நெருப்பில் எரிக்கலாமா?

கேள்வி: அப்பா 1993-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ இன்னும் ஓட்டுகிறேன். இப்போது 50 கி.மீ. வேகத்துக்கு மேல் இழுவையே இல்லை. சைலன்சர் வாயில் கறுப்பு எண்ணெய் சொட்டுகிறது. கரி அடைத்திருக்கிறது, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு மெக்கானிக். இன்னொருவர் ஆசிட் ஊற்றச் சொல்கிறார். நண்பனோ சைலன்சருக்குள் இருக்கும் பேஃபிளையே கழற்றி எறியச் சொல்கிறான். எதைச் செய்யட்டும், ஐயா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: மூன்றும் வேண்டாம், தம்பி. பெட்ரோல் ஊற்றிய சைலன்சர் வெடிக்கக்கூடும். வெடிக்காவிட்டாலும் குரோம் நீலம் பாய்ந்து உரியத் தொடங்கும். ஆசிட் கரியைத் தொடாது, இரும்பையும் குரோமையும்தான் தின்னும். 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி இது. அதன் ஒரிஜினல் சைலன்சர் நல்ல நிலையில் கிடைப்பது அரிது. அதை இழந்துவிடாதீர்கள்.

பேஃபிளை எறிவதும் தவறு. இது போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர் வெறும் புகைக்குழாய் இல்லை. சிலிண்டரின் எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக வெளியே நழுவும் புதுப் பெட்ரோல் கலவையை, உள்ளே திரும்பி வரும் அழுத்த அலைதான் சிலிண்டருக்குள் மறுபடி தள்ளுகிறது. சைலன்சரின் வடிவமும் கடைசித் துளையின் அளவும் அந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கின்றன. பேஃபிள் இல்லாமல் ஓட்டினால் சத்தம் கூடும், இழுவை குறையும், போலீஸ் அபராதமும் வரும்.

முதலில் பேஃபிளைக் கழற்றிப் பாருங்கள். சைலன்சர் பின்வாய்க்குக் கீழே உள்ள சின்ன போல்ட்டை எடுத்துவிட்டு, பிளையரால் பிடித்துத் திருகித் திருகி இழுக்க வேண்டும். வரவில்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள். இரவு முழுக்க டீசலில் ஊறட்டும். வெளியே வந்ததும் அதிலுள்ள கரியைக் கவனியுங்கள். காய்ந்து கெட்டியாக, தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்தால் அது வருடக்கணக்கில் சேர்ந்தது, கவலைப்பட ஒன்றுமில்லை. தார் மாதிரி கையில் பிசுபிசுவென்று ஒட்டினால், எரியாத ஆயில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை.

பேஃபிளை மட்டும் தனியாக புளோலாம்பில் காட்டி எரிக்கலாம், அதில் குரோம் பற்றிய கவலை இல்லை. வெட்டவெளியில் செய்யுங்கள், அந்தப் புகையைச் சுவாசிக்காதீர்கள். பிறகு கம்பி பிரஷால் தேய்த்து ஒவ்வொரு துளையையும் திறந்துவிடுங்கள்.

சைலன்சர் உடம்புக்கு காஸ்டிக் சோடாதான் மருந்து. கரியைக் கட்டிப் பிடித்திருக்கும் எண்ணெய்ப் பசையை அது சோப்பாக மாற்றிவிடும். பிடி விட்டதும் கரி தானே கழன்று வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 முதல் 150 கிராம் போதும். தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும், கண் போய்விடும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. கரைத்து வைக்க பிளாஸ்டிக் வாளி எடுங்கள். அலுமினியத்தை சோடா அரிக்கும், எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். ஆகவே பிஸ்டன், சிலிண்டர் பக்கம் இந்தக் கரைசல் போகவே கூடாது.

சைலன்சரை வண்டியிலிருந்து முழுதாகக் கழற்றி, பின்வாயை மரக்கட்டையாலும் சைக்கிள் டியூபாலும் அடைத்து, நிமிர்த்தி நிறுத்தி, மேல் வாய் வழியாக நிரப்புங்கள். மேல் வாயை மூட வேண்டாம். குழந்தைகள் வராத இடத்தில் ஒரு இரவு நிற்கட்டும். காலையில் கொட்டும்போது கறுப்புக் குழம்பாக வரும். கிணற்றுப் பக்கமோ செடி வேரிலோ ஊற்றிவிடாதீர்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, உள்ளே கொஞ்சம் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) விட்டு உருட்டுங்கள். இல்லையென்றால் துரு பிடித்துவிடும்.

சைலன்சர் கழன்றிருக்கும்போதே சிலிண்டரின் எக்ஸாஸ்ட் போர்ட்டையும் எட்டிப் பாருங்கள். பலர் இதை விட்டுவிட்டு, சுத்தம் செய்தும் இழுவை வரவில்லை என்று புலம்புவார்கள். கிக்கரை மெதுவாக அழுத்தி, பிஸ்டன் மேலே ஏறி போர்ட்டை மூடும்படி நிறுத்துங்கள்; உதிரும் கரி உள்ளே விழாது. மரக்குச்சியால் மட்டும் சுரண்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் பட்டால் பிஸ்டனில் கீறல் விழும். திரும்பப் பூட்டும்போது புது கேஸ்கெட் போடுங்கள்.

இனி அந்த ஆயில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யாவிட்டால் சில மாதங்களில் மறுபடி அடைக்கும். இந்த வண்டியில் 2டி ஆயிலைத் தனி பம்ப் அனுப்புகிறது. ஆக்சிலரேட்டரோடு இணைந்த அதன் கேபிள் அதிகமாக இழுபட்டிருந்தால் ஆயில் அளவு கூடும். பம்பில் குறியோடு குறி சேர்கிறதா என்று தெரிந்தவரிடம் காட்டுங்கள். பம்ப் வேலை செய்யும்போதே பயத்தில் பெட்ரோல் டேங்கிலும் ஆயில் கலக்கிற பழக்கம் பலருக்கு உண்டு; நீங்களும் அப்படிச் செய்தால் நிறுத்துங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் கலவை கெட்டியாகிக் கரி சேரும். கியர் ஆயில் வெளியே ஒழுகாமலேயே குறைந்து, வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், கிளட்ச் பக்க கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது என்று பொருள். சீலை மாற்றியே ஆக வேண்டும்.

ஆயில் வாங்கும்போது டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எஃப்சி அல்லது எஃப்டி என்று இருக்கிறதா பாருங்கள். இவை புகை குறைவாக விடும் தரங்கள். பூட்டிய பிறகு முதல் சில கிலோமீட்டர் உள்ளே பூசிய ஆயில் எரிந்து புகையும், பயப்படாதீர்கள். ஊருக்குள்ளேயே மெதுவாக உருட்டாமல் வாரத்தில் ஒருநாள் உடுமலை ரோட்டில் என்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு வாருங்கள். பேஃபிளை ஏறக்குறைய 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்தால் போதும்.